டோமினிக் சொன்ன ஆயில்

டோமினிக்கிடம் போய், "நல்ல என்ஜின் ஆயில் எது?" என்று கேட்டவர்கள் யாரும் உடனே பதில் வாங்கிக்கொண்டு திரும்பியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் விசாரிப்பதுபோல அவன் ஆதியிலிருந்து ஆரம்பிப்பான். வண்டிக்கு என்ன வயசு, எந்த ஊரில் ஓடியது, யார் யார் கை மாறியது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ன சத்தம் வருகிறது, ஓடும் நாள் அதிகமா, நிற்கும் நாள் அதிகமா. கேட்டவர் பொறுமை இழந்து, "ஏம்ப்பா, ஒரு ஆயில் பேரைச் சொல்றதுக்கு இவ்வளவு கேள்வியா?" என்றால், "பேரைச் சொல்றதுக்கு நான் எதுக்குங்க, டப்பாவுலயே போட்டிருக்கே" என்பான். வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு. வேலை சுத்தமாக இருந்ததால் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது.

பெரம்பலூர் நாலு ரோட்டிலிருந்து அரியலூர் போகும் வழியில், தகரக் கூரை போட்ட ஷெட் அவனுடையது. வாசலில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். அவை கிளப்பும் வெள்ளைத் தூசி புருவத்தில் படிந்து, நாற்பத்தாறு வயதுக்காரனை அறுபதாகக் காட்டும். சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அப்பா வாத்தியார், அண்ணன் வாத்தியார், அக்கா வாத்தியார். இவனையும் வாத்தியாராக்க அப்பா எடுத்த முயற்சி பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையோடு முடிந்தது. ரிசல்ட் வருவதற்கு முன்பே பக்கத்துத் தெரு செல்வநாதனைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறி, ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டான்.

இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, ஒரே முதலாளியிடம் திட்டு வாங்கினார்கள். பிறகு செல்வநாதனின் தங்கை ஏஞ்சல் மேரியை டோமினிக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு மாதா கோயில் வாசலில் செல்வநாதன், "டேய் மாப்ள, இனிமே உன்னை அடிக்கக்கூட முடியாதேடா" என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதான். மச்சான், மாப்பிள்ளை என்று முறை வந்த பிறகும் வாடா போடா மட்டும் மாறவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்பு டோமினிக் தனியாக ஷெட் போட்டபோது செல்வநாதனும் கூடவே வந்தான். என்ஜினைத் திறப்பது டோமினிக். பழைய ஆயிலை வடிப்பது, ஃபில்டர் மாற்றுவது, வண்டி கழுவுவது, காலி டப்பாக்களை ஒழிப்பது எல்லாம் செல்வநாதன். ஷெட்டுக்குச் சாவி இரண்டு, ஆளுக்கொன்று.

காலி டப்பா விஷயத்தில் டோமினிக்குக் கொஞ்சம் பைத்தியமே உண்டு. ஆயில் ஊற்றி முடித்த எந்தக் கேனும் முழுசாக ஷெட்டை விட்டுப் போகக் கூடாது. வயிற்றில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தி, ஓட்டை போட்டுத்தான் பழைய பிளாஸ்டிக் வாங்க வருகிறவனிடம் கொடுக்க வேண்டும். ஓட்டை இல்லாத கேன் வெளியே போனால், எரிந்து கருத்த ஆயிலை வடிகட்டி, சாயம் சேர்த்து, அதே கேனில் ஊற்றி, புது மூடியும் சீலும் வைத்துப் புது ஆயில் என்று விற்பதற்கு ஆள் இருக்கிறது. திருச்சியில் வேலை கற்ற காலத்தில் அப்படி ஒரு ஆயிலால் ஒரு டாக்ஸிக்காரர் என்ஜினை இழந்து, நடு ரோட்டில் உட்கார்ந்து அழுததை அவன் பார்த்திருக்கிறான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குப் பின்னால் செல்வநாதன் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வாரத்துக் கேன்களை ஒவ்வொன்றாகக் குத்துவான். டப், டப் என்று சத்தம் வரும். உள்ளே கை கழுவிக்கொண்டே டோமினிக் அதைக் கேட்பான். வாரம் முடிந்தது என்று அவனுக்குத் தோன்றுவது அந்தச் சத்தத்தில்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சின்ன வண்டிக்கு நாலு லிட்டர் கேன் வாங்கினால் மூன்றேகால், மூன்றரைதான் பிடிக்கும். மிச்சத்தை அந்த வண்டிக்கே பிறகு ஊற்றுவதற்காக ஷெல்ஃபில் வைப்பான். எது எந்த வண்டியுடையது என்று தெரிய, கேனைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஆணியால் வண்டி நம்பரையும் தேதியையும் கீறிவைப்பான். மார்க்கரில் எழுதினால் ஆயில் பட்டு அழிந்துவிடும். ஆணிக் கீறல் அழியாது.

போன வருஷம் ஏப்ரலில் ஆலத்தியூர் சிமென்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற சிவசுப்பிரமணியன் வந்தார். அரியலூர்க்காரர். ரிட்டயர்டு ஆனதும் காசிக்குப் போவார் என்று வீட்டில் எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர் பெங்களூருக்குப் போய், முப்பது வயதான ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரைக்கும் வண்டிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அதில் ஏறி உட்காருவதென்றால் பாதி விழுந்துதான் உட்கார வேண்டும். மனிதர் அறுபது வயதில் சந்தோஷமாக விழுந்துகொண்டிருந்தார்.

"மூணு பேர் மூணு விதமாச் சொல்றாங்க டோமினிக்" என்றார். "வண்டியோட வந்த புஸ்தகத்துல 10W-30ன்னு இருக்கு. பெங்களூர்ல பழைய கார் வெச்சிருக்கிறவங்க சங்கம் இருக்கு. அவங்க 5W-40, ஃபுல் சிந்தெடிக், வேற எதையும் தொடாதீங்கன்னு சொல்றாங்க. எங்க பிளான்ட் லாரிக்காரர், டீசல் ஆயில ஊத்துங்க சார், லாரியே ஓடுது, இது ஓடாதாங்கறார். நான் மில்லு கியர்பாக்ஸுக்கு டிரம் டிரம்மா ஆயில் ஊத்தினவன். எனக்கே தலை சுத்துது."

ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்த செல்வநாதன் குரல் கொடுத்தான். "20W-50 ஊத்துங்க சார். கெட்டி ஆயிலு. பழைய வண்டிக்கெல்லாம் அதுதான்."

"வண்டிய விட்டுட்டுப் போங்க சார். நாளைக்குச் சொல்றேன்" என்றான் டோமினிக்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஸ்டார்ட்டை அவனே போட்டான். மேலே என்ஜின் தலையில் டக்டக்கென்று ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரம் கழித்து அடங்கியது. எத்தனை நொடி என்று எண்ணினான். உச்சி வெயிலில் சிறுவாச்சூர் வரை ஓட்டிப் போய், காளி கோயில் நிறுத்தத்தில் திருப்பி, வந்த வேகத்திலேயே திரும்பினான். என்ஜின் நன்றாகக் கொதித்த பிறகு ஆயில் பிரஷர் எங்கே நிற்கிறது என்று பார்த்தான். படுத்து, எங்கெல்லாம் கசிவு ஈரம் இருக்கிறது என்று விரலால் தடவினான். சாயங்காலம் சிவசுப்பிரமணியன் வந்தபோது அவனிடம் பதில் இருந்தது.

"புஸ்தகம் எழுதினப்ப இந்த வண்டி புதுசு சார், அவன் ஊரு குளிரு. இப்ப இதுக்கு முப்பது வயசு, நம்மூரு வெயிலு. சூடாயிட்டா அந்த ஆயில் தண்ணியாப் போயிடும், பிரஷர் நிக்காது. பெங்களூர்க்காரங்க சொல்றது புது என்ஜினுக்குச் சரி. இதுல ஊத்துனா பழைய ரப்பர் சீல்ல எல்லாம் ஒழுகும். அதோட இந்த மாதிரி என்ஜின்ல மேல வால்வத் தெறக்குற கேமும் டாப்பெட்டும் நேரா ஒண்ணோட ஒண்ணு தேயும். தேயாம இருக்க ஆயில்ல ஜிங்க் வேணும். இப்ப வர்ற நெறைய ஆயில்ல அதைக் கொறைச்சிட்டாங்க."

"லாரி ஆயில்ல ஜிங்க் இருக்குமே?"

"இருக்கு சார். ஆனா அது வவுத்தக் கழுவுற மருந்து மாதிரி. முப்பது வருசத்து அழுக்கையும் ஒரேயடியாக் கெளப்பி, வழிய அடைச்சிடும்."

"அப்ப உங்க மச்சான் சொன்ன 20W-50?"

"கெட்டியா இருக்கறதால காலையில மேல ஏற நேரமாகும். அந்த டக்டக் இன்னும் நேரம் அடிக்கும். ஒவ்வொரு டக்குக்கும் கேம் தேயும் சார். இதுக்கு 10W-50 வேணும், ஜிங்க் உள்ளது. மொத நம்பரு பத்து, காலையில சீக்கிரம் ஏறும். பின் நம்பரு அம்பது, மத்தியானச் சூட்டுல நிக்கும். நம்ம ஜில்லாவுல கெடைக்காது. திருச்சியில சொல்லி வரவழைச்சுத் தரேன்."

வந்தது. ஊற்றினான். ஒரு வாரம் கழித்துச் சிவசுப்பிரமணியன் காலையில் போன் செய்து, எதுவும் பேசாமல் ஸ்டார்ட் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார். டக்டக் இரண்டே அடியில் அடங்கியது. டோமினிக் போனை ஸ்பீக்கரில் போட்டுச் செல்வநாதனைக் கூப்பிட்டு, "கேட்டியாடா, கேட்டியா?" என்று குதித்தான். அந்த வருஷம் முழுக்க அந்த வண்டி அரியலூர், பெரம்பலூர், ஜெயங்கொண்டம் என்று பறந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சிவசுப்பிரமணியன் டோமினிக்கைப் பற்றிச் சொன்னார். நாமக்கல்லிலிருந்து ஒருவர் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து, எந்த ஆயில் ஊற்றலாம் என்று கேட்டார். எத்தனையோ என்ஜினைப் பிரித்துச் சேர்த்தவனுக்கு, ஒரு ஆயிலைச் சரியாகச் சொன்னதில் வந்த பெருமைதான் வாழ்நாள் பெருமையாக இருந்தது. வாத்தியார் வீட்டில் எல்லோரும் தப்பென்று சொன்ன பையனின் கணக்கு, ஒரு தடவையாவது சரியாக வந்திருக்கிறது. மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம்கூட அதை இரண்டு முறை சொன்னான்.

இந்த வருஷம் ஏப்ரல் வந்தது. பெங்களூர் சங்கத்துக்காரர்கள் ஏற்காட்டில் கூடுகிறார்கள், எல்லோரும் பழைய கார்களை ஓட்டிக்கொண்டு வருவார்கள் என்று சிவசுப்பிரமணியன் துள்ளிக்கொண்டிருந்தார். "என் ஆயிலக் கேட்டுச் சிரிச்சவங்களுக்கு என்ஜினத் திறந்தே காட்டப் போறேன். நீங்கதான் என் மெக்கானிக்னு சொல்லப் போறேன்" என்றார். அதற்குள் ஆயில் மாற்ற வேண்டும். திருச்சியில் சரக்கு இல்லை, பத்து நாள் ஆகும் என்றுவிட்டார்கள். டோமினிக் பெரம்பலூர் முழுக்க விசாரித்துவிட்டு, அரியலூரில் ஒரு சின்ன ஸ்பேர்ஸ் கடையில் தற்செயலாகக் கேட்டான். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு கேனை இறக்கினார். அதே கம்பெனி, அதே 10W-50, சீல் வைத்தது.

"மூணு மாசமாக் கெடக்குங்க. இத யாரு வாங்குறான்? ஒங்களுக்குன்னே வந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தார். டோமினிக் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே அதைக் கொண்டுவந்தான்.

ஊற்றும்போது நிறம் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தது. ஒரு நொடி கை நின்றது. சீல் இருந்ததே, வேறு பேட்ச்சாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊற்றி முடித்தான். மிச்சமிருந்ததை ஷெல்ஃபில் வைக்கவில்லை. தூரப் பயணம் போகிறவர், வழியில் தேவைப்படலாம் என்று டிக்கியிலேயே வைத்துக் கொடுத்தான். அவசரத்தில் அடியில் நம்பர் கீறவும் மறந்துபோனான்.

நான்காம் நாள் வண்டி ரெக்கவரி லாரியின் முதுகில் ஏறித் திரும்பி வந்தது. வாழப்பாடி தாண்டியதும் ஆயில் விளக்கு மினுக்கென்று எரிந்திருக்கிறது. ஓரம் கட்டுவதற்குள் உள்ளே ஏதோ இரும்பு கடிபட்ட சத்தம் கேட்டு, என்ஜின் இறுகி நின்றுவிட்டது. போன் செய்ததும் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த பெங்களூர்க்காரர்கள், என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டார்களாம். பதில் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பரிதாபமாகத் தலையை ஆட்டினார்களாம். சிவசுப்பிரமணியன் ஷெட்டில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவங்க சொன்னதக் கேட்டிருக்கணும் டோமினிக்" என்று மட்டும் சொன்னார்.

டோமினிக் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செல்வநாதன் பேசினான். "நான் அன்னைக்கே சொன்னேன் சார், 20W-50 ஊத்தலாம்னு. மாப்ள எங்க கேக்குறான். அவனுக்கு அவன் சொன்னதுதான் சரி."

டோமினிக் திரும்பிப் பார்த்தான். முப்பது வருஷத்தில் வெளியாள் முன்னால் செல்வநாதன் இவனை விட்டுக்கொடுத்ததே இல்லை. திருச்சியில் இவன் உடைத்த கியருக்கு அவன் திட்டு வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்டவன் இன்றைக்குக் கண்ணைப் பார்க்காமல், கையிலிருந்த வேஸ்ட் துணியை மடித்துக்கொண்டே இதைச் சொன்னது டோமினிக்கின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவன் சொன்னது உண்மையாக இருந்தால்? இறுகிப்போன என்ஜின் கண் முன்னால் நிற்கிறதே.

"தப்பு என் மேலதான் சார். வண்டிய நானே சரி பண்ணித் தரேன்" என்றான்.

அடுத்த மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. என்ஜினைப் பிரித்தான். பேரிங்கெல்லாம் உருகி அப்பிக்கிடந்தன. வடித்த ஆயில் வெறும் கருப்புத் தண்ணீராக ஓடியது. காலை ஸ்டார்ட், கொதிப்பு, பிரஷர், கசிவு, ஜிங்க் என்று ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப யோசித்தான். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்தால்கூடத் திருத்திக்கொள்ளலாம். எல்லாம் சரியாகப் பார்த்து வந்த முடிவே தப்பென்றால் இனிமேல் எதை நம்பி ஸ்பேனரைப் பிடிப்பது? நாமக்கல் ஜீப்காரருக்கும் ஒரு போன் செய்து, வேறு யாரிடமாவது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். போனை வைத்ததும் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தான்.

"அண்ணன் ஏன் ரெண்டு நாளா வூட்டுப் பக்கமே வரல?" என்று ஏஞ்சல் மேரி கேட்டாள்.

"அவனுக்கும் வருத்தம் இருக்கும்ல" என்றான் டோமினிக். அப்படித்தான் அவன் நம்பினான்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியின் டிக்கியைக் காலி செய்துகொண்டிருந்தான். மிச்ச ஆயிலோடு அந்தக் கேன் மூலையில் சாய்ந்து கிடந்தது. எடுத்து வெளியே வைத்தான். நம்பர் கீறவில்லையே என்று நினைவு வந்தது. இனிமேல் கீறி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் கை பழக்கத்தில் ஆணியை எடுத்தது. மூடியை இறுக்கி, கேனைத் தலைகீழாகத் திருப்பினான்.

அடியில் ஏற்கனவே கீறியிருந்தது. 4417. கீழே 11-4-24.

முதலில் ஒன்றும் புரியவில்லை. எப்போது கீறினேன் என்று யோசித்தான். பிறகு வருஷத்தைப் பார்த்தான். நாலுக்கு மேல் கொம்பைக் கொஞ்சம் நீட்டி எழுதுவது அவன் வழக்கம், சின்ன வயசில் அப்பா அதற்காகக் குட்டியிருக்கிறார். அந்தக் கொம்பு அங்கே இருந்தது. அவன் கையெழுத்து. இதே வண்டியின் நம்பர். போன வருஷம் ஆயில் ஊற்றிய தேதி. திருச்சியிலிருந்து வந்த அந்த முதல் கேன்தான் இது. ஷெல்ஃபில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தீர்ந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் குத்துவதற்காகப் பின்னால் போன கேன்.

கேனைச் சுற்றிச் சுற்றித் தடவினான். எங்கேயும் ஓட்டை இல்லை.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். எரிந்த வாடை. மருந்து வாசனை போட்டு மறைத்திருந்தார்கள், ஆனால் அடியில் எரிந்த வாடைதான். ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தேய்த்தான், பிசுக்கே இல்லை. அந்த நேரத்தில் டோமினிக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஆயில் தப்பில்லை, நான் சொன்னது சரிதான், சரிதான் என்று சின்னப் பையன்போல மனசு கூவியது. அந்தச் சந்தோஷம் எழுந்து நிற்பதற்குள்ளேயே அடுத்தது வந்துவிட்டது. பின்னால் கேன் குத்துவது யார்?

சிவசுப்பிரமணியனுக்கு போன் செய்தான். அரை மணியில் மகனுடைய ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கேனின் அடியைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க சொன்ன ஆயில் சரி. கேன்தான் தப்பு."

"கேனும் என்னுதுதான் சார். என் ஷெட்டுலேர்ந்துதான் போயிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டோமினிக்குப் பளிச்சென்று ஒன்று தெரிந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று இவன் குமுறிக்கொண்டிருக்கிறான். அவர் கணக்கில் ஏமாற்றியது இந்த ஷெட். அதன் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் டோமினிக்.

"நீங்க இத எனக்குக் காட்டாமலே விட்டிருக்கலாம்" என்றார் கடைசியில். "காட்டுனீங்க. அதனால வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே ஒவ்வொரு கேனையும் நானும் ஒரு தடவை திருப்பிப் பாப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பாருங்க சார்" என்றான் டோமினிக்.

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, ஆயில் மாற்றிய நாள் துண்டு துண்டாக நினைவுக்கு வந்தது. அரியலூரிலிருந்து கேனைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்ததும் செல்வநாதன் பக்கத்தில் வந்து பார்த்தான். "எங்கடா வாங்குன?" என்று கேட்டான். கடையைச் சொன்னதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டான். ஆயில் ஊற்றுகிற நேரத்தில் புனலைப் பிடிப்பது எப்போதும் அவன்தான். அன்றைக்கு டோமினிக் ஒற்றை ஆளாகப் புனலைப் பிடித்து ஊற்றினான்.

காலையிலேயே ஸ்பேர்ஸ் வாங்கப் போயிருந்த செல்வநாதன், சாயங்காலம் வந்து பழைய டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு நேராகப் பின்பக்கம் போனான். சனிக்கிழமை. முக்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. டப். டப். டோமினிக் கை கழுவவில்லை. கேனை எடுத்துக்கொண்டு பின்னால் போய், அதை அவன் முன்னால் தலைகீழாக வைத்தான்.

செல்வநாதன் நம்பரைப் பார்த்தான். ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது. அவனைச் சுற்றிக் குத்திப்போட்டிருந்தவை எல்லாம் மலிவு டப்பாக்கள். விலை கூடின கேன்கள் நாலு, சுவரோரத்தில் சாக்கு மூடித் தனியாக இருந்தன. வாராவாரம் அந்த டப் டப் சத்தத்தைக் கேட்டு நிம்மதியாகக் கை கழுவியிருக்கிறான் டோமினிக். ஒருநாள்கூட எழுந்து வந்து பார்த்ததில்லை. மச்சான் குத்துகிறான், அப்புறம் என்ன பார்ப்பது?

"எத்தனை நாளாடா?"

"நாலு வருசம் இருக்கும்."

"எதுக்குடா?"

"முழுசாக் குடுத்தா அந்தப் பழைய பிளாஸ்டிக்காரன் கேனுக்கு ஒரு பிரியாணிக் காசு சேத்துத் தந்தான் மாப்ள. பெருசா ஒண்ணும் இல்ல. காலி டப்பாதானேன்னு..." செல்வநாதன் நிறுத்தினான்.

ஒரு பிரியாணி. டோமினிக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, கண்ணும் கலங்கியது. "அன்னைக்கி கேனைப் பாத்தல்ல? நான் கொண்டுவந்து வெச்சப்பவே தெரிஞ்சிடுச்சுல்ல உனக்கு?"

செல்வநாதனின் பார்வை சுவரோரத்துச் சாக்குப் பக்கம் போனது.

"தெரிஞ்சுதான் டீ குடிக்கப் போன. தெரிஞ்சுதான் அவரு முன்னாடி எம்மேல பழியப் போட்ட. மூணு நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி எங் கணக்குல தப்புத் தேடிக்கிட்டிருந்தேன்டா. பாத்துக்கிட்டேதானடா இருந்த?"

"சொன்னா உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பியேடா மாப்ள." செல்வநாதனின் குரல் உடைந்தது. "சத்தியமாச் சொல்றேன். எங்கியோ போகும், எவன் வண்டியிலயோ ஊத்துவான்னுதான் நெனச்சேன். நம்ம ஷெட்டுக்கே திரும்பி வரும்னு நெனைக்கல."

டோமினிக் அவனையே பார்த்தான். எவன் வண்டியிலோ. திருச்சியில் நடு ரோட்டில் உட்கார்ந்து அழுத டாக்ஸிக்காரரை அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிவிட்டார்கள்.

"இந்த ஜில்லாவுலயே அந்த ஆயில வாங்குறவன் நான் ஒருத்தன்தான்டா" என்றான். "அந்தக் கேனு வேற எங்கடா போகும்?"

செல்வநாதன் தலையைக் குனிந்துகொண்டான். டோமினிக் கேனை அவன் பக்கம் தள்ளினான்.

"குத்து."

செல்வநாதன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு இடது கையால் கேனைப் பிடித்து, ஸ்க்ரூடிரைவரை ஓங்கி இறக்கினான். டப். ஓட்டை வழியாக மிச்சமிருந்த கருப்பு ஆயில் குபுக்கென்று வந்து, சிமென்ட் தரையில் பரவி, அவன் செருப்பு வரை ஓடியது. அவன் பழக்கத்தில் தோளில் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்துக் குனிந்தான்.

"விடுங்க" என்றான் டோமினிக். "நான் தொடச்சிக்கிறேன். சாவிய வெச்சிட்டு நீங்க போங்க."